கெர்னலைத் தூங்கவைக்கும் வேலை

லினக்ஸ் இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலை மூல நிரலிலிருந்து சொந்தமாகக் கம்பைல் செய்து பார்த்தவர்களுக்கு 'பவர் மேனேஜ்மென்ட் அண்ட் ஏசிபிஐ ஆப்ஷன்ஸ்' என்ற மெனு தெரிந்திருக்கும். கெர்னலில் எதெது வேண்டும் என்று தேர்ந்தெடுக்க மேக் மெனுகான்ஃபிக் என்ற கட்டளையைக் கொடுத்து அதற்குள் போகிறவர்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையினர் கண்ணில் பட்டதற்கெல்லாம் ஒய் (சேர்த்துக்கொள்) போட்டுவிட்டு வெளியே வந்துவிடுவார்கள். பவர் சேவிங் என்று பெயரிலேயே இருக்கிறதே, போட்டு வைத்தால் என்ன கெட்டுப்போகிறது என்ற கணக்கு. இன்னொரு வகையினர், இது எப்போதும் ஓடிக்கொண்டிருக்கப்போகிற சர்வர்தானே, இதெல்லாம் எதற்கு என்று மொத்தத்தையும் அணைத்துவிடுவார்கள்.

இரண்டாவது வகையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இன்றைய எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகை) இயந்திரத்தில், மதர்போர்டில் பதிந்திருக்கும் ஃபர்ம்வேர் நிரல் வன்பொருளைப் பற்றி இயங்குதளத்துக்குச் சொல்லும் தரநிலையான ஏசிபிஐயை அணைத்தால் போவது பேட்டரி ஐகான் மட்டும் இல்லை. எத்தனை பிராசஸர் இருக்கிறது, எந்த இன்டரப்ட் எந்த வழியாக வரும், பவர் பட்டனை அழுத்தினால் யாருக்குத் தகவல் போக வேண்டும் என்பதெல்லாம் ஏசிபிஐ அட்டவணைகளில்தான் எழுதியிருக்கிறது. அதைப் படிக்காத கெர்னலுக்கு ஷட்டவுன் கொடுத்தால், எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, மின்சாரத்தை நீங்களே துண்டித்துக்கொள்ளுங்கள் என்பதுபோல நின்றுவிடும். சர்வராக இருந்தாலும் ஏசிபிஐ வேண்டும். அவ்வளவுதான்.

முதல் வகையினரிடம்தான் பேச நிறைய இருக்கிறது. அந்த மெனுவில் போடும் ஒய் என்பது கெர்னலுக்குக் கொடுக்கும் அனுமதி மட்டும்தான். மின்சாரம் மிச்சமாவது, அணையக்கூடிய ஏதோ ஒன்று உண்மையிலேயே அணையும்போது. அதை அணையவிடாமல் யார் இழுத்துப் பிடிக்கிறார்கள் என்று தேடுவதுதான் இந்த வேலையில் பெரும்பகுதி. கான்ஃபிக் கோப்பில் செலவாகும் நேரம் கொஞ்சம், மீதியெல்லாம் துப்பறிதல்.

கெர்னல் ஏன் இந்தப் பொறுப்பை ஏற்க வேண்டியிருக்கிறது? முன்பு அப்படி இல்லை. 1992-இல் இன்டெலும் மைக்ரோசாஃப்டும் கொண்டுவந்த ஏபிஎம் என்ற மின்சிக்கன முறையில் பெரும்பாலான முடிவுகள் மதர்போர்டின் ஃபர்ம்வேரான பயாஸுடையவை. பயாஸுக்கு நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று தெரியாது. கீபோர்டில் கொஞ்ச நேரம் விரல் படவில்லை என்றால் ஆள் சும்மா இருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளும். பின்னணியில் பெரிய வேலை ஒன்று ஓடுவதை அதற்கு யார் சொல்வது? 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து வெளியிட்ட ஏசிபிஐ இந்த உறவைத் திருப்பிப் போட்டது. என்னென்ன செய்ய முடியும் என்று ஃபர்ம்வேர் விவரம் கொடுக்கும். எப்போது செய்வது என்று இயங்குதளம் தீர்மானிக்கும். 2013-இல் இந்தத் தரநிலை, பயாஸுக்குப் பின் வந்த யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் தரத்தைக் கவனிக்கும் யூஇஎஃப்ஐ ஃபோரத்தின் கைக்குப் போனது. 32 பிட் எக்ஸ்86 கெர்னலின் மெனுவில் ஏபிஎம் இன்னும் ஓர் ஓரமாக இருக்கும். அருங்காட்சியக இயந்திரம் ஏதும் வைத்திருந்தால் ஒழிய அதைத் தொட வேண்டியதில்லை.

'விவரம் கொடுக்கும்' என்றேன். அது வெறும் பட்டியல் இல்லை, நிரல். ஒவ்வொரு மதர்போர்டின் ஃபர்ம்வேரிலும் ஏஎம்எல் என்ற பைட்கோடில் எழுதிய சின்னச் சின்னச் செயல்பாடுகள் இருக்கின்றன. மூடியைச் சாத்தினால் இதை ஓட்டு, தூங்கப் போகும்முன் அதை ஓட்டு என்று. கெர்னலுக்குள் ஏசிபிஐசிஏ என்ற இன்டர்பிரட்டர் உட்கார்ந்து அவற்றை ஓட்டுகிறது. லினக்ஸும் ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு திறந்த மூல இயங்குதளமும் இதே இன்டர்பிரட்டரைத்தான் பயன்படுத்துகின்றன. ஓப்பன்பிஎஸ்டிக்காரர்கள் வழக்கம்போல் தங்களுக்கென்று ஒன்றை எழுதிக்கொண்டார்கள். (தூங்கவைக்கும் கட்டளைக்கு அவர்களிடம் மூன்று சின்ன இசட் எழுத்துகள்தான் பெயர், அதையே பெரிய எழுத்தில் அடித்தால் ஹைபர்னேட் ஆகும், அதாவது மெமரியை டிஸ்க்கில் எழுதிவிட்டு முழுதாக அணையும். எனக்கு ரொம்பப் பிடித்த கட்டளைப் பெயர்.)

ஆக, உங்கள் கெர்னல் எவ்வளவு திறந்த மூலமாக இருந்தாலும், தூக்கம் என்று வந்துவிட்டால் முகம் தெரியாத யாரோ எழுதிய நிரலை அது தனக்குள்ளேயே ஓட்டுகிறது. அந்த நிரல் பெரும்பாலும் விண்டோஸில் மட்டுமே சோதிக்கப்பட்டது. நீ எந்த இயங்குதளம் என்று ஃபர்ம்வேர் கேட்க ஏசிபிஐயில் ஒரு வழி இருக்கிறது. விண்டோஸின் இன்ன பதிப்பா என்று கேட்டால் லினக்ஸ் ஆமாம் என்கிறது. லினக்ஸா என்று கேட்டால் இல்லை என்கிறது! கேட்க வேடிக்கையாக இருந்தாலும் காரணம் நியாயமானது. லினக்ஸ் என்று ஒப்புக்கொண்டால் ஃபர்ம்வேர் யாரும் சோதித்துப் பார்க்காத பாதையில் போகும். விண்டோஸ் என்றால் குறைந்தபட்சம் ஒரு தடவையாவது ஓட்டிப் பார்த்த பாதையில் போகும். இந்தப் பதில்களைக் கெர்னல் கட்டளை வரியில் ஏசிபிஐ ஓஎஸ்ஐ என்ற அளவுருவால் மாற்றலாம். மாற்றினால் சரியாகிவிடும் என்று ஆலோசனை சொல்பவர்கள் உண்டு. சில இயந்திரங்களில் சரியாகும். ஏன் சரியானது என்று தெரியாமல் அதை நிரந்தரமாக வைத்துக்கொள்வது எனக்குப் பிடிப்பதில்லை, ஏனென்றால் மாறியது நாம் பார்த்த அந்த ஒன்று மட்டும்தானா என்று உறுதி இல்லை.

சரி, பிராசஸருக்கு வருவோம். மின்சாரச் சிக்கனம் என்றதும் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது கடிகார வேகத்தைக் குறைப்பது. கெர்னலில் அதற்குச் சிபியூஃப்ரீக் என்ற பகுதி. பெர்ஃபார்மன்ஸ், பவர்சேவ், ஆன்டிமாண்ட், கன்சர்வேட்டிவ், ஸ்கெட்யூட்டில் என்று, வேகத்தை எப்படி ஏற்றி இறக்குவது என்று தீர்மானிக்கும் கவர்னர்கள் வரிசையாக நிற்கும். 2016-இல் 4.7 பதிப்போடு வந்த ஸ்கெட்யூட்டில், வேகத்தைத் தீர்மானிக்க, வேலைகளைப் பிராசஸருக்குப் பங்கிடும் ஷெட்யூலரிடம் இருக்கும் சுமைக் கணக்கையே எடுத்துக்கொள்கிறது. தனியாக மாதிரி எடுத்துப் பார்ப்பதில்லை. இன்டெல் பிராசஸர்களுக்கு இன்டெல் பிஸ்டேட், ஏஎம்டிக்கு 5.17 முதல் ஏஎம்டி பிஸ்டேட் என்று தனி டிரைவர்கள் உண்டு. ஏஎம்டிக்கானதுக்கு ஃபர்ம்வேரில் சிபிபிசி (வேகத்தைப் பற்றிப் பிராசஸரும் இயங்குதளமும் பேசிக்கொள்ளும் ஏசிபிஐ ஏற்பாடு) இயங்கியிருக்க வேண்டும். இவற்றை மாடியூலாக, அதாவது தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ளும் தனித் துண்டாக (எம்) போட முடியாது, ஒய் அல்லது என் (வேண்டாம்) மட்டும்தான்.

இங்கே ஒரு சின்னக் குழப்பம் எல்லோருக்கும் வருகிறது. இன்டெல் பிஸ்டேட் ஆக்டிவ் முறையில் ஓடும்போது பவர்சேவ் என்று காட்டினால், பிராசஸர் அடிமட்ட வேகத்தில் கட்டிப்போடப்பட்டிருக்கிறது என்று அர்த்தம் இல்லை. சுமைக்கேற்ப அது தானாக ஏறி இறங்கும். பொதுவான சிபியூஃப்ரீக் பவர்சேவ் கவர்னர்தான் உண்மையிலேயே அடிமட்டத்தில் கட்டிவைக்கும். டிரைவர் எது என்று பார்க்காமல் கவர்னர் பெயரை மட்டும் பார்த்து, லேப்டாப் மெதுவாக இருப்பதற்குக் காரணம் கண்டுபிடித்துவிட்டதாக நினைப்பவர்கள் நிறைய.

ஆனால் என்னைக் கேட்டால், கவர்னரைப் பற்றி இவ்வளவு பேச வேண்டியதே இல்லை. மின்னழுத்தத்தின் வர்க்கத்தையும் அதிர்வெண்ணையும் பொறுத்து மின்செலவு கூடும் என்பது உண்மைதான், வேகம் குறைந்தால் அழுத்தமும் குறைய வாய்ப்பு உண்டு என்பதும் உண்மைதான். ஆனால் சாதாரண லேப்டாப் தன் வாழ்நாளில் பெரும்பகுதி ஒன்றும் செய்யாமல் காத்திருக்கிறது. நாம் ஒரு பத்தி படிக்கும் நேரம் அதற்கு ஒரு யுகம். ஆகவே மெதுவாக ஓடுவதைவிட, வேலையை முடித்துவிட்டு எவ்வளவு ஆழமாகத் தூங்குகிறது என்பதில்தான் மிச்சம் இருக்கிறது. அதைக் கவனிப்பது சிபியூஐடில்.

பிராசஸரின் ஓய்வு நிலைகளைச் சி1, சி6, சி10 என்று எண் போட்டுச் சொல்வார்கள். எண் கூடக் கூட உறக்கம் ஆழம், எழுந்திருக்க ஆகும் நேரமும் அதிகம். இன்டெல் ஸ்கைலேக் வரிசைக்கான கெர்னல் அட்டவணையில் சி1-இலிருந்து எழ 2 மைக்ரோசெகண்ட் என்று இருக்கிறது. சி10-க்கு 890. அதுமட்டும் இல்லை, சி10-க்குள் போனால் குறைந்தது 5000 மைக்ரோசெகண்டாவது உள்ளே இருந்தால்தான் போய்வந்த செலவுக்குக் கட்டுப்படியாகும் என்றும் அதே அட்டவணை சொல்கிறது. 5000 மைக்ரோசெகண்ட் என்றால் 5 மில்லிசெகண்ட்.

இப்போது கெர்னல் கான்ஃபிக்கில் வேறொரு மெனுவில் இருக்கும் டைமர் அதிர்வெண்ணைப் பாருங்கள். 250 ஹெர்ட்ஸ் என்பது பலர் வைத்திருக்கும் மதிப்பு. அதாவது 4 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை பிராசஸரைத் தட்டும் ஒரு டிக். பழைய முறையில் அந்த டிக் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அடித்துக்கொண்டே இருக்கும். 5 மில்லிசெகண்ட் தூங்க வேண்டியவரை 4 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை தட்டி எழுப்பினால் அவர் சி10 பக்கமே போக மாட்டார். 1000 ஹெர்ட்ஸ் வைத்தால் இன்னும் மோசம். இதனால்தான் சும்மா இருக்கும்போது டிக்கை நிறுத்தும் வசதி வந்தது. 32 பிட் எக்ஸ்86-க்கு 2007 ஏப்ரலில் வந்த 2.6.21 பதிப்பில் சேர்ந்தது, 64 பிட்டுக்குக் கொஞ்சம் கழித்து. கான்ஃபிக்கில் அது 'நோ ஹெச்இசட் ஐடில்'. டைமர்கள் மெனுவுக்குள் இருப்பதால் பவர் மெனுவை மட்டும் பார்த்துவிட்டு வருபவர்கள் இதைக் கவனிப்பதில்லை. பவர் மெனுவில் உள்ள பல ஒய்களைவிட இது முக்கியம்.

டிக் நின்றதும் அதுவரை அந்தச் சத்தத்தில் மறைந்திருந்த மற்றவர்கள் அகப்பட்டார்கள். அதே 2007-இல் இன்டெல் வெளியிட்ட பவர்டாப் என்ற கருவி, ஒரு விநாடிக்கு யார் யார் எத்தனை தடவை பிராசஸரை எழுப்புகிறார்கள் என்று பெயரோடு பட்டியல் போட்டது. தேவையே இல்லாமல் நொடிக்குப் பலமுறை எழுந்து பார்க்கும் டெஸ்க்டாப் நிரல்கள் வெளிச்சத்துக்கு வந்தன, ஒவ்வொன்றாகத் திருத்தினார்கள். கெர்னலை எவ்வளவு கவனமாக அமைத்தாலும் மேலே ஓடும் ஒரு நிரல் அத்தனையையும் வீணாக்கலாம் என்பது அப்போது பலருக்குப் புதுச் செய்தி.

பிராசஸருக்குள் இருக்கும் ஒவ்வொரு கோரும் ஆழமாகத் தூங்கினாலும் கதை முடியவில்லை. கோர்கள் அனைத்தும் தூங்கிய பிறகுதான் பிராசஸர் பேக்கேஜ் முழுவதும் தூங்கலாமா என்ற கேள்வியே வரும். அந்த முடிவு பிராசஸரின் கையில் மட்டும் இல்லை. சாதனங்களைப் பிராசஸரோடு சேர்க்கும் பிசிஐஇ இணைப்புகள், டிஸ்க் கன்ட்ரோலர், டிஸ்ப்ளே எல்லாம் சம்மதிக்க வேண்டும். வீட்டில் ஒருவர் மட்டும் விழித்திருந்தாலும் கூடத்து விளக்கை அணைக்க முடியாதே, அந்த மாதிரி. இந்த இடத்தில்தான் ஒய் போட்டது எதுவும் உதவாமல் போகிறது.

ஒரு நண்பரின் லேப்டாப்பை இப்படிப் பார்க்க நேர்ந்தது. மூடிவைத்துவிட்டுப் போனால் காலையில் பை சூடாக இருக்கிறது, பேட்டரி பாதிக்கும் கீழே. கான்ஃபிக்கைப் பார்த்தால் பவர் மெனுவில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பிராசஸரின் தூக்க நிலைகளைக் காட்டும், கெர்னல் மூலத்தோடேயே வரும் டர்போஸ்டாட் கருவியை ஓட்டினோம். கோர்கள் நன்றாகத் தூங்குகின்றன. பேக்கேஜ் நிலைகளைக் காட்டும் பத்திகளில் பிசி2, பிசி3 வரை எண்கள் இருக்கின்றன. ஆழமான பிசி8, பிசி10 பத்திகளில் சுத்தமாகப் பூஜ்யம். யாரோ ஒருவர் விழித்திருக்கிறார்.

பிசிஐ சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை விரிவான விவரத்தோடு கொடுத்து ஒவ்வொரு பிசிஐஇ இணைப்பின் ஏஎஸ்பிஎம் வரியையும் பார்த்துக்கொண்டே வந்தோம். ஏஎஸ்பிஎம் என்பது பேச ஒன்றும் இல்லாதபோது இணைப்பையே தூங்கவைக்கும் ஏற்பாடு. எல்0எஸ், எல்1, அதற்கும் கீழே எல்1.1, எல்1.2 என்று படிகள். வைஃபை இணைப்பில் எல்1 இயங்குகிறது. என்விஎம்இ டிஸ்க்கிலும் இயங்குகிறது. மெமரி கார்டு ரீடரில் மட்டும் டிசேபிள்டு. நண்பர் அந்த ரீடரைத் தொட்டதே இல்லை. பயன்படுத்தாத சாதனத்துக்கு டிரைவர் எதற்கு, கெர்னல் இளைக்கட்டும் என்று அதற்கு என் போட்டிருந்தார்.

கேட்டால் நியாயமாகத்தான் படும். ஆனால் டிரைவர் இல்லாத சாதனம் அணைந்துவிடுவதில்லை. லினக்ஸின் பிசிஐ பகுதி, டிரைவர் பிடித்துக்கொள்ளாத சாதனத்தைப் பொதுவாக டி0 என்கிற முழு விழிப்பு நிலையிலேயே விட்டுவைக்கும். அதைப் பாதுகாப்பாக எப்படித் தூங்கவைத்து எழுப்புவது என்று தெரிந்தவர் டிரைவர் மட்டும்தான். அவர் இல்லாதபோது கெர்னல் கைவைக்கத் தயங்குகிறது. ஆக, கெர்னலை இளைக்கவைக்க எடுத்த டிரைவர் பேட்டரியையும் சேர்த்து இளைக்கவைத்தது. அந்த டிரைவரை மாடியூலாகச் சேர்த்துக் கம்பைல் செய்தோம். ஏற்றியதும் எல்1 வந்தது, பிசி8 பத்தியில் முதல்முறையாக எண்கள் தெரிந்தன. டிரைவர் சேர்ப்பது விருப்பம் இல்லை என்றால் ஃபர்ம்வேர் அமைப்பில் அந்தச் சாதனத்தையே அணைத்துவிடலாம், அந்த வசதி இருந்தால். கையைக் கட்டிக்கொண்டு என் போடுவது மட்டும் வழியில்லை.

ஏஎஸ்பிஎம் பற்றிக் கெர்னல் மெனுவில் ஒரு தேர்வு உண்டு: ஃபர்ம்வேர் வைத்தபடியே விடு, செயல்திறன், சிக்கனம், மிகுசிக்கனம். முதலாவதுதான் இயல்பு. 2011-இல் வந்த 2.6.38-இல் இந்த விஷயத்தில் ஒரு பெரிய சலசலப்பு ஏற்பட்டது. இந்த இயந்திரத்தில் ஏஎஸ்பிஎம் வேண்டாம் என்று ஃபர்ம்வேர் சொல்லும்போது கெர்னல் நடந்துகொள்ளும் விதம் மாறியதால் பல லேப்டாப்களில் மின்செலவு கூடிப்போனது. வேண்டாம் என்றால், இனி தொடாதே என்று அர்த்தமா, இருப்பதையும் அணைத்துவிடு என்று அர்த்தமா? அந்தக் கேள்விக்கு விண்டோஸ் என்ன செய்கிறது என்று கவனித்து அதன்படி நடந்துகொள்வதில்தான் தீர்வு கிடைத்தது. ஏஎஸ்பிஎம்மைக் கட்டாயமாக இயக்கும் கட்டளை வரி அளவுருவை அப்போது எல்லோரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள், சிலருக்கு இயந்திரம் உறைந்துபோனது. நான் இன்றும் கட்டாயப்படுத்துவதில்லை. கெர்னல் சாதனங்களின் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ் கோப்பு முறைமையில் ஒவ்வொரு சாதனத்தின் கீழும் லிங்க் என்ற அடைவு இருக்கிறது. அதில் எல்1-ஐத் தனித்தனியாக இயக்கிப் பார்க்கலாம், கெட்டால் அந்த ஒன்றை மட்டும் திருப்பிவிடலாம்.

சாதனங்களின் இயல்பு மதிப்புகள் ஏன் இவ்வளவு தயக்கமாக இருக்கின்றன என்று எரிச்சல் வரும். ரன்டைம் பிஎம் என்ற ஏற்பாடு 2009-இல் 2.6.32-உடன் வந்தது, இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பயன்படாத சாதனத்தை மட்டும் தூங்கவைப்பது அதன் வேலை. அப்படி இருந்தும் பிசிஐ சாதனங்களில் பவர் கன்ட்ரோல் கோப்பைத் திறந்தால் பெரும்பாலும் ஆன் என்றுதான் இருக்கும், நாமோ டிரைவரோ ஆட்டோ என்று மாற்றும்வரை. சாட்டா இணைப்புக்கான சிக்கனக் கொள்கையின் ஹெல்ப் பகுதியைப் படித்தால் தயக்கம் புரியும்: மிகக் குறைந்த மின்சாரம் என்ற நிலை சில டிஸ்க்குகளில் தகவலையே கெடுக்கிறது, பயன்படுத்தாதீர்கள் என்று கெர்னலே எச்சரிக்கிறது. நடுத்தரச் சிக்கனத்தோடு டிஐபிஎம் (டிஸ்க்கே முன்வந்து இணைப்பைத் தூங்கவைப்பது) சேர்ந்த நிலை ஒன்று இருக்கிறது. லேப்டாப்புக்கு அது போதும். யூஎஸ்பியில் சேதம் அவ்வளவு பெரிதில்லை, எரிச்சல்தான்: சில மவுஸ்களைத் தூங்கவிட்டால் நகர்த்தினால் எழாது, கிளிக் செய்தால்தான் எழும். ஹெச்டி ஆடியோவுக்குச் சிக்கன விநாடி கொடுத்தால் சில ஸ்பீக்கர்களில் ஒவ்வொரு தடவையும் 'டப்' என்று ஒரு சத்தம். எனக்கு அந்தச் சத்தம் பழகிவிட்டது. ஹெட்ஃபோன் போடுபவர்கள் பூஜ்யம் வைத்துக்கொள்ளலாம்.

ஒன்றும் யோசிக்காமல் ஒய் போடக்கூடியதும் ஒன்று இருக்கிறது. பவர் மெனுவில் 'ஒர்க்க்யூ பவர் எஃபிஷியன்ட் டீஃபால்ட்' என்று வரும். சில பின்னணி வேலைகளை இந்தக் கோரில்தான் ஓட்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல், ஏற்கெனவே விழித்திருக்கும் கோரிடம் கொடுக்க ஷெட்யூலருக்கு இடம் தருகிறது. தூங்குகிற கோர் தூங்கட்டும் என்பதுதான். செயல்திறனில் கொஞ்சம் இழப்பு உண்டு என்று ஹெல்ப் சொல்கிறது. என் வேலையில் நான் அதை உணர்ந்ததில்லை.

அப்புறம் சஸ்பெண்ட். முன்பெல்லாம் லேப்டாப்பை மூடினால் எஸ்3: மெமரிக்கு மட்டும் உயிர் இருக்கும், மற்றவை அணைந்துவிடும். எஸ்3-இலிருந்து எழுப்புவது ஃபர்ம்வேரின் வேலை. இப்போது வரும் பல லேப்டாப்களில் ஃபர்ம்வேர் எஸ்3-ஐயே தருவதில்லை. சிஸ் அடைவின் கீழ் பவர், அதற்குள் மெம் ஸ்லீப் கோப்பைத் திறந்து பாருங்கள். எஸ்2ஐடில், டீப் என்று இரண்டும் இருந்தால் எஸ்3 உண்டு. எஸ்2ஐடில் மட்டும் இருந்தால் இல்லை. கெர்னலில் எந்த ஒய் போட்டும் இல்லாத டீப்பை வரவழைக்க முடியாது.

எஸ்2ஐடிலில் ஃபர்ம்வேரிடம் ஒப்படைப்பது என்பதே கிடையாது. கெர்னல் நிரல்களை உறையவைக்கிறது, சாதனங்களைத் தூங்கவைக்கிறது, பிறகு கோர்களை மிக ஆழமான சி நிலைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறது. மேலே சொன்ன கதைதான் திரும்ப வருகிறது: பேக்கேஜ் பிசி10 வரை போனால்தான் இன்டெல் இயந்திரத்தில் எஸ்0ஐஎக்ஸ் என்ற உண்மையான தூக்கம். ஒரு சாதனம் பிடிவாதம் பிடித்தால் திரை இருண்டிருக்கும், மூடி சாத்தியிருக்கும், உள்ளே இயந்திரம் விழித்துக்கொண்டு கிடக்கும். நண்பரின் பை சூடானது இதனால்தான். திரை அணைந்ததை வைத்துத் தூங்குகிறது என்று நம்பக் கூடாது. சிபியூஐடில் அடைவில் 'லோ பவர் ஐடில் சிஸ்டம் ரெசிடென்சி' என்று மைக்ரோசெகண்டில் ஒரு எண் இருக்கும். மூடும்முன் ஒருமுறை, திறந்தபின் ஒருமுறை பாருங்கள். ஏறவே இல்லை என்றால் தூங்கவே இல்லை.

தூங்கப் போய் எழாமலே போகும் இயந்திரத்துக்கு வேறு வைத்தியம். அதற்குக் கான்ஃபிக்கில் பிஎம் டீபக்கும் அதன் கீழ் உள்ளவையும் வேண்டும். பிஎம் டெஸ்ட் என்ற கோப்பு வரும். அதில் ஃப்ரீஸர், டிவைசஸ், பிளாட்ஃபார்ம், பிராசஸர்ஸ், கோர் என்று ஐந்து படிகள். ஃப்ரீஸர் என்று எழுதிவிட்டுச் சஸ்பெண்ட் கொடுத்தால், நிரல்களை உறையவைத்து 5 விநாடி காத்திருந்து திரும்பிவிடும். டிவைசஸ் என்றால் சாதனங்களைத் தூங்கவைப்பது வரை போய்த் திரும்பும். இப்படி ஒவ்வொரு படியாக இறங்கினால் எந்தப் படியில் வழுக்குகிறது என்று தெரிந்துவிடும். டிவைசஸில் மாட்டினால் டிரைவர்மேல் சந்தேகம். பிளாட்ஃபார்மில் மாட்டினால் ஃபர்ம்வேர் பக்கம் பார்க்கலாம். கோர் வரை நன்றாகப் போய்வந்தும் உண்மையான சஸ்பெண்டில் மட்டும் செத்துப்போனால், எழுப்பும் பாதையில் கோளாறு.

அந்தக் கடைசி நிலை கொடுமையானது. திரையில்லை, லாக் இல்லை, எதையும் எழுதிவைக்க டிஸ்க் இன்னும் எழவில்லை. 2006 வாக்கில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இதற்கு ஒரு தந்திரம் எழுதினார், பெயர் பிஎம் டிரேஸ். இயந்திரம் செத்தாலும் சாகாத ஒன்று மதர்போர்டில் இருக்கிறதே, அந்தக் கடிகாரம்! ஒவ்வொரு சாதனத்தையும் எழுப்பும் முன் அதன் அடையாளத்தை ஓர் எண்ணாகச் சுருக்கி, வருடம், மாதம், நாள், மணி, நிமிடம் என்று மாற்றிக் கடிகாரத்தில் எழுதிவிடுகிறது. உறைந்ததும் சுமார் 3 நிமிடத்துக்குள் ரீபூட் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் கடிகாரம் தன் போக்கில் ஓடித் தகவலை அழித்துவிடும். மறுபடி பூட் ஆனதும், கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசேஜில் மேஜிக் நம்பர் என்று ஒரு வரியும், அதற்குப் பொருந்தும் மூலக்கோப்பும் சாதனமும் தெரியும். தேதி மட்டும் எங்கோ ஒரு வருடத்தில் போய் நிற்கும். வேலை முடிந்ததும் நேரத்தைச் சரிசெய்துவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும், இல்லாவிட்டால் கம்பைல் செய்யும் மேக் கட்டளை உட்பட எல்லாமே கோப்பின் நேரத்தைப் பார்த்துக் குழம்பும். இதைவிடக் குறைந்த வசதியில் பிழை தேடும் வழி நான் பார்த்ததில்லை.

ஹைபர்னேஷன் பற்றிச் சுருக்கமாக. மெமரியின் படத்தை டிஸ்க்கின் ஸ்வாப் பகுதியில் எழுதி அணைந்துவிடுவதால் பேட்டரி கசிவது கிடையாது. ஆனால் எழும்போது அந்தப் படம் இருக்கும் டிஸ்க்கின் டிரைவர், கோப்பு முறைமைகளை ஏற்றும் முன்பே தயாராக இருக்க வேண்டும். ஒன்று கெர்னலுக்குள்ளேயே ஒய், அல்லது பூட்டின் தொடக்கத்தில் மெமரியில் ஏறும் சிறு கோப்புத் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸில். படம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் ரிசியூம் அளவுருவும் சரியாக இருக்க வேண்டும். இடையில் வேறொரு இயங்குதளத்தில் போய் அதே பகிர்வைத் தொட்டால் தகவல் போச்சு. செக்யூர் பூட்டுடன் கெர்னல் லாக்டவுன் இயங்கினால் ஹைபர்னேஷனே மறுக்கப்படும், அது பிழை இல்லை. கையொப்பம் சரிபார்க்கப்படாத ஒரு மெமரிப் படத்தை நம்பி எழ முடியாது என்பதால் வேண்டுமென்றே வைத்த தடை.

தூங்கவைப்பது இப்படி ஒரு பாடு என்றால், தூங்கப் போகும்போது வரும் அழைப்பை என்ன செய்வது என்பது இன்னொன்று. ஆண்ட்ராய்டுக்காரர்கள் வேக்லாக் என்ற பெயரில் கொண்டுவந்த தீர்வைக் கெர்னல் ஆட்கள் 2009, 2010-இல் கடுமையாக எதிர்த்தார்கள். நிரல்களே தூக்கத்தைத் தடுக்கலாம் என்றால் எந்த மோசமான நிரலும் பேட்டரியைக் குடித்துவிடுமே என்பது ஒரு வாதம். எல்லா நிரலும் ஒழுங்காக நடக்கும் என்று எதிர்பார்ப்பதுதான் கற்பனை, யார் தடுக்கிறார் என்று பெயராவது தெரியட்டும் என்பது எதிர்வாதம். கடைசியில் 2012-இல் 3.5 பதிப்பில் வேறு வடிவத்தில் அதே கருத்து உள்ளே வந்தது. எனக்கு எதிர்வாதக்காரர்கள் பக்கம்தான் சாய்வு. பிழை தேடுவதற்கான டீபக்எஃப்எஸ் கோப்பு முறைமையில் வேக்கப் சோர்சஸ் என்ற கோப்பைத் திறந்து, நள்ளிரவில் இயந்திரத்தை எழுப்பியவர் பெயரைப் படிக்க முடிகிறது என்றால் அது அந்தச் சண்டையின் பலன்.

கெர்னலைப் புதிய பதிப்புக்கு மாற்றும்போதெல்லாம் பழைய கான்ஃபிக்கை எடுத்து மேக் ஓல்டுடெஃப்கான்ஃபிக் கொடுத்துவிடுவது சுலபம். அது புதிதாக வந்த கேள்விகளுக்கெல்லாம் நம்மைக் கேட்காமல் இயல்பு மதிப்பை எடுத்துக்கொள்ளும். நான் அதற்கு முன்னால் மேக் லிஸ்ட்நியூகான்ஃபிக் கொடுத்துப் புதியவற்றின் பட்டியலை மட்டும் பார்ப்பேன். அதில் பவர், பிஎம், ஐடில், ஏஎஸ்பிஎம் என்று ஏதாவது வந்தால் ஹெல்ப்பைப் படித்துவிட்டுத்தான் பதில் சொல்வேன். என்னிடம் இருக்கும் சாதனத்துக்கான புது டிரைவர் ஏதும் வந்தால், அந்தச் சாதனத்தை நான் பயன்படுத்தாவிட்டாலும், எம் போட்டுவிடுவேன். மற்றதற்கெல்லாம் எண்டர்.